நாளிதழ் வெட்டுவதற்கா இவ்வளவு படித்தேன்?

கேள்வி:

அக்கா, வணக்கம். தனியார் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பு (பி.ஆர்.) படிக்கிறேன். இறுதியாண்டு பிராக்டிக்கலுக்காக (தொழிற்பயிற்சி) கோலாலம்பூரில் பங்சார் பக்கம் உள்ள ஒரு பி.ஆர். ஏஜென்சியில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. இன்னும் எட்டு வாரம் பாக்கி. காலை ஏழரைக்கெல்லாம் ஆபீஸில் இருக்க வேண்டும். நாளிதழ்களைப் புரட்டி, வாடிக்கையாளர் செய்தி வந்திருந்தால் வெட்டி, ஸ்கேன் செய்து, ‘பி.ஆர். மதிப்பு’ கணக்குப் போட்டு எக்ஸலில் ஏற்ற வேண்டும். பிறகு நிருபர்களுக்குப் போன். பாதிப் பேர் எடுப்பதில்லை. எடுத்தவர்களும் ‘ஈமெயில் அனுப்புங்க’ என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். ஆபீஸில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கணினி மொழிபெயர்த்த தமிழ்ப் பத்திரிகை அறிக்கையைக் கொடுத்து ‘சும்மா ஒரு பார்வை பாரு’ என்கிறார்கள். ரூமுக்கு எடுத்துப் போய் நள்ளிரவு வரை திருத்துகிறேன். வேறு இடங்களில் பிராக்டிக்கல் செய்யும் தோழிகளோ நிகழ்ச்சிகளில் நட்சத்திரங்களோடு படம் எடுத்துப் போடுகிறார்கள்.

போன வாரம் ஒரு சீனியர், பயிற்சி மாணவர்கள் எல்லாரும் அவரவர் சொந்தக் கணக்கிலிருந்து வாடிக்கையாளரின் புதுப் பொருளைப் புகழ்ந்து கமெண்ட் போட வேண்டும் என்றார். இரண்டு போட்டேன். மனசு கேட்கவில்லை. அலவன்ஸ் 600 வெள்ளி (ரிங்கிட்). ரூம் வாடகை போனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. தைப்பிங்கிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் ‘அது என்னம்மா வேலை?’ என்று கேட்கிறார். எனக்கே பதில் தெரியவில்லை. பேசாமல் மனிதவளத் துறைக்கு மாறிவிடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

வணக்கம் தங்கச்சி. உங்கள் கடிதத்தில் நிறையக் குறைகள் இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. நாளிதழ் வெட்டுவதும் போன் அடிப்பதும் சலிப்பு. 600 வெள்ளி கஷ்டம். கமெண்ட் விஷயம் தப்பு. அதை முதலில் முடித்துவிடுவோம்.

போட்ட இரண்டையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அது உங்கள் பெயர், உங்கள் கணக்கு. பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், அந்த நிறுவனத்துக்காக வேலை செய்கிறேன் என்பதையும் சொல்லாமல், ‘சூப்பரா இருக்கு, வாங்கிப் பாருங்க’ என்று எழுதினால் அதை நம்பிக் காசு கொடுத்து வாங்குகிறவர் ஏமாறுகிறார். நம் நாட்டில் 2022-இல் திருத்தப்பட்ட உள்ளடக்க நெறிமுறை, காசு வாங்கிக்கொண்டு பதிவிடும் இன்ஃபுளுவென்சர்கள் அது விளம்பரம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. ஏஜென்சி நாற்காலியில் உட்கார்ந்து கமெண்ட் எழுதுகிறவருக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? 1962-இல் தொடங்கிய மலேசிய மக்கள் தொடர்புக் கழகம் தன் உறுப்பினர்களுக்கு நடத்தை நெறி வகுத்திருக்கிறது. அது உங்கள் ஆபீஸில் யாராவது படித்த ஒன்றாக இருக்க வேண்டும்.

‘எல்லா இடத்திலும் நடப்பதுதான்’ என்று சீனியர் சொல்லலாம். பல இடங்களில் நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பெல் பாட்டிஞ்சர் என்று லண்டனில் ஒரு பெரிய பி.ஆர். நிறுவனம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் செல்வாக்குள்ள தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தின் நிறுவனத்துக்காக அவர்கள் நடத்திய பிரச்சாரம் அங்கே இனக் காழ்ப்பைக் கிளறிவிட்டது. 2017 செப்டம்பரில் பிரிட்டனின் மக்கள் தொடர்புச் சங்கம் அவர்களை வெளியேற்றியது. வாடிக்கையாளர்கள் வரிசையாக விலக, அதே மாதத்தில் நிறுவனமே நொடித்துப்போனது. உங்கள் இரண்டு கமெண்டையும் அதையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் அங்கேயும் ‘இதைப் போடு’ என்று மேலே இருந்தவர் சொல்ல, போட்ட சின்னப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். வேலை போனபோது அவர்களுக்கும் சேர்த்துத்தான் போனது.

இனி எப்படி மறுப்பது? எல்லார் முன்னாலும் வேண்டாம். அந்தச் சீனியர் தனியாக இருக்கும்போது, ‘என் சொந்தக் கணக்கிலிருந்து, இங்கே வேலை செய்கிறேன் என்று சொல்லாமல் எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது. வாடிக்கையாளரின் பக்கத்துக்கு அதிகாரபூர்வப் பதிவு எழுதித் தரட்டுமா?’ என்று கேளுங்கள். மறுப்போடு ஒரு மாற்று வேலையும் கையில் கொண்டு போனால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் பல்கலைக்கழகத்தில் உங்களுக்கென்று ஒரு மேற்பார்வை விரிவுரையாளர் இருக்கிறார் அல்லவா, அவருக்கு மின்னஞ்சல் போடுங்கள். பயிற்சிக் காலத்தில் அவருடைய வேலையே அதுதான். லாக்புக்கில் கையெழுத்துப் போடுவதற்காக மட்டும் அவர் இல்லை.

சரி, இனி கத்தரிக்கோலுக்கு வருவோம்.

நாளிதழ் வெட்டுவதைக் கடைநிலை வேலை என்று நினைத்து, கடைசியாக வந்தவர் தலையில் கட்டுவது எல்லா ஏஜென்சியிலும் உள்ள பழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்னைக் கேட்டால், வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் கணக்கு மேலாளர்களே வாரத்தில் ஒரு நாளாவது அதைச் செய்ய வேண்டும். நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். வெட்டிய செய்தியைத் தனியாகப் பார்க்காதீர்கள். ஏஜென்சி அனுப்பிய மூல அறிக்கையை அச்செடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அறிக்கையில் எந்தப் பத்தி பேப்பரில் வந்திருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். முதல் பத்தியில் வீற்றிருந்த ‘பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ தலைமை நிர்வாகி பெரும்பாலும் அடிபட்டுப் போயிருப்பார். ஏழாவது பத்தியில் ஒளிந்திருந்த விண்ணப்ப இறுதி நாள் செய்தியின் தலைப்புக்கே ஏறியிருக்கும். மலாய்ப் பத்திரிகை எடுத்துக்கொண்டது ஒன்று, ஆங்கிலப் பத்திரிகை எடுத்துக்கொண்டது ஒன்று, தமிழ்ப் பத்திரிகை எடுத்துக்கொண்டது இன்னொன்று என்பதும் தெரியும். சில வாரம் இப்படிப் பார்த்தாலே, எழுதும்போதே எந்த வாக்கியம் பிழைக்கும், எது பிழைக்காது என்று கைக்குத் தெரிந்துவிடும். இதை எந்த விரிவுரையிலும் சொல்லித்தர முடியாது.

அந்தப் ‘பி.ஆர். மதிப்பு’ இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். உங்களுக்குத் தெரியும்; மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். செய்தி எத்தனை பத்தி (பக்கத்தின் நெடுவரிசை) அகலம், எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று அளப்பார்கள். அதே இடத்தில் விளம்பரம் போட்டால் என்ன கட்டணமோ அதால் பெருக்குவார்கள். விளம்பரத்தைவிடச் செய்தியை மக்கள் அதிகம் நம்புவார்கள் என்று சொல்லி, வந்த தொகையை மேலும் மூன்றால் பெருக்குவதும் உண்டு. ஏன் மூன்று, ஏன் இரண்டரை இல்லை என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இருக்காது. ஒரு பேச்சுக்கு, நான்கு பத்தி அகலம், 20 சென்டிமீட்டர் உயரம் என்று வையுங்கள். ஒரு பத்தி அகலம், ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டணம் 25 வெள்ளி என்றால் 2,000 வெள்ளி. மூன்றால் பெருக்கினால் 6,000. அதே அளவுச் செய்தி, கட்டணம் 6 வெள்ளி உள்ள தமிழ் நாளிதழில் வந்தால் 1,440. மாத அறிக்கையை வாடிக்கையாளர் திறந்ததும் கண்ணில் படுவது 6,000-தான். தமிழ்ச் செய்தி கடைசி வரியில் கிடக்கும்.

பார்சிலோனாவில் 2010-இல் கூடிய ஊடக அளவீட்டுத் துறையினர் ஏழு கோட்பாடுகளை வகுத்தார்கள். விளம்பரக் கட்டணத்தை வைத்து மக்கள் தொடர்பின் மதிப்பைச் சொல்லக் கூடாது என்பது அதில் ஒன்று. அதற்குப் பிறகு அந்தக் கோட்பாடுகளைப் பலமுறை புதுப்பித்தும்விட்டார்கள். ஆனாலும் கோலாலம்பூர் ஏஜென்சிகள் பலவற்றின் மாத அறிக்கையில் அந்த வெள்ளிக் கணக்கு இன்னும் கம்பீரமாக நிற்கிறது. காரணம் எளிது. வாடிக்கையாளர் நிறுவனத்தின் மேலாளர் தன் மேலதிகாரியிடம் போய், ‘இவ்வளவு செலவழித்தோம், இவ்வளவு வந்தது’ என்று ஒரு தொகையைக் காட்டியாக வேண்டும். பயிற்சி மாணவி நீங்கள் இதை ஒழிக்க முடியாது. ஒழிக்கப் போய் வம்பை விலைக்கு வாங்கவும் வேண்டாம். கேட்ட கணக்கைக் கேட்டபடி போட்டுக் கொடுங்கள்.

ஆனால் அதே எக்ஸலில், உங்கள் சொந்தப் பிரதியில், இன்னும் இரண்டு நெடுவரிசைகளைச் சேருங்கள். இந்தச் செய்தி யாரைப் போய்ச் சேர்ந்தது? சேர்ந்ததால் என்ன நடந்தது? முதல் கேள்விக்கு நீங்களே பதில் எழுதலாம். இரண்டாவதற்கு வாடிக்கையாளர் பக்கத்தில் யாரையாவது கேட்க வேண்டும்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்புறுதித் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. ஆங்கில நாளிதழில் பெரிய வண்ணப் படம் வந்தது. கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். தமிழ் நாளிதழில் வந்த செய்தியை மாத அறிக்கையில் சேர்க்காமலேயே விட்டுவிட்டார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் தமிழ் பேசும் ஊழியை ஒருவர் இருந்தார். செய்தி வந்த நாளிலிருந்து மத்தியானம் சாப்பிட எழுந்திருக்க முடியவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் சந்தைப்படுத்தல் மேலாளர் அந்தச் செய்தியைத் தேடினார். அழைத்தவர்கள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்துக் காட்டி, ‘இது என் பேரனுக்கும் சேருமா?’ என்று கேட்டார்களாம். சென்டிமீட்டர் கணக்கில் அந்தச் செய்தி ஒன்றுமே இல்லை. திட்டத்தை வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அதற்குள்தான் இருந்தார்கள்.

உங்கள் ஆபீஸில் இதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். ‘தமிழ் நேசன்’ 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோனது. ஆனாலும் ‘மலேசிய நண்பன்’, ‘மக்கள் ஓசை’, ‘தமிழ் மலர்’, வானொலியில் மின்னல், ராகா, தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் தமிழ்ச் செய்தி, இணையத் தளங்கள் என்று தமிழ் ஊடகத்துக்கென ஓர் உலகம் இருக்கிறது. உங்கள் மேலாளருக்கு அது பட்டியலில் உள்ள சில பெயர்கள் மட்டுமே. எந்த நாளிதழ் கல்விச் செய்தியை எந்தக் கிழமை விரிவாகப் போடுகிறது, எந்த வானொலி நிகழ்ச்சியில் நேயர்கள் அழைத்துக் கேள்வி கேட்கலாம், எதைத் தாத்தா பாட்டிகள் கேட்கிறார்கள், எதைக் கார் ஓட்டும் இளைஞர்கள் கேட்கிறார்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுங்கள். யாரும் கேட்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். வரும் தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ ஒரு வாடிக்கையாளர், ‘இந்தியச் சமூகத்துக்கு என்ன செய்யலாம்?’ என்று கேட்பார். பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல், மண்டபத்தில் கோலம், முதியோர் இல்லத்தில் பெரிய அட்டைக் காசோலை என்று பழைய மூன்றையே மறுபடி எடுத்து வைக்காமல், உங்கள் இரண்டு பக்கத்தைத் தேடுவார்கள்.

போன் விஷயம். ‘ஈமெயில் கிடைச்சதா?’ என்று கேட்டுத்தானே பேச்சைத் தொடங்குகிறீர்கள்? அந்தக் கேள்வியை நாள் முழுக்கக் கேட்டு நிருபர்கள் நொந்து போயிருக்கிறார்கள். தமிழ் நாளிதழ்களில் ஆட்கள் குறைவு. காலையில் கிள்ளானில் ஒரு கூட்டம், மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நூல் வெளியீடு என்று ஓடுகிற நிருபரே சாயங்காலம் வந்து செய்தியையும் தட்டச்சு செய்து, படத்தையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பக்கம் கட்டும் நேரத்தில் அவரை அழைத்தால் நானாக இருந்தாலும் வைத்துவிடுவேன். காலையில் அழையுங்கள். முதல் வாக்கியத்திலேயே அவருக்குப் பயன்படும் ஒன்று இருக்கட்டும்: ‘அண்ணே, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம், வெள்ளிக்கிழமை கடைசி நாள். தமிழில் செய்தியும் படமும் தயாரா இருக்கு, வாட்ஸ்அப்பில் போடட்டுமா?’ இவ்வளவுதான். ‘போடும்மா’ என்பார். இல்லை என்றால் ஏன் வேண்டாம் என்றாவது சொல்வார், அதுவும் பாடம். இன்னொன்று: அவர் எழுதியது அச்சில் வந்த மறுநாள் ஒரு வரி நன்றி அனுப்புங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நன்றியோடு சேர்த்து அடுத்த அறிக்கையைத் தள்ளாதீர்கள்.

தமிழ் அறிக்கைக்கு வருகிறேன். இதில் உங்கள் கோபம் நியாயம். கணினி கொடுத்ததைத் திருத்துவது, புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பது உங்கள் மேலாளருக்குத் தெரியாது. தெரிவதற்கு வழியும் இல்லை, அவருக்குத் தமிழ் தெரியாதே. நீங்கள் நள்ளிரவில் திருத்தி, காலையில் ஒன்றும் நடக்காததுபோல அனுப்பினால், அது ஐந்து நிமிட வேலை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை, ‘ஆங்கில மூலத்தைக் கொடுங்கள், அரை நாள் கொடுங்கள், நானே எழுதுகிறேன்’ என்று கேளுங்கள். அந்த அரை நாளை டைம்ஷீட்டில் ஏற்றுங்கள். ஏஜென்சி என்பது மணிக்கணக்கை விற்கிற கடை. அந்தத் தாளில் ஏறாத உழைப்பு அவர்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

எழுதும்போது ஆங்கில அறிக்கையின் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். ஒரு வங்கி தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குக் கணினி அறை கட்டிக் கொடுத்தது என்று வையுங்கள். ஆங்கில அறிக்கை வங்கியின் சமூகக் கடப்பாட்டில் தொடங்கும். தமிழ் வாசகர் முதலில் தேடுவது எந்தப் பள்ளி, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்பதை. அதை மேலே கொண்டு வாருங்கள். தகவலை மாற்றக் கூடாது, மேற்கோளைத் திரிக்கக் கூடாது, வரிசையை மாற்றலாம். மாற்றியதை மேலாளரிடம் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், வாடிக்கையாளரின் ஒப்புதலும் அதற்கு வேண்டும்.

கோப்பைப் பி.டி.எஃப். ஆக மட்டும் அனுப்பாதீர்கள். பி.டி.எஃப்.-லிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்துச் சிதறிவிடும். நிருபர் முழுவதையும் மறுபடி தட்ட வேண்டும். தட்ட நேரமில்லை என்றால் உங்கள் செய்தி குப்பைக்குப் போகும். யூனிகோடில் வேர்ட் கோப்பு, படம் தனியாக, படக்குறிப்பு செய்தியின் அடியில். இந்தச் சின்ன விஷயத்தினாலேயே நல்ல செய்திகள் வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

படக்குறிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் பி.ஆர். ஆட்களைத் தூங்கவிடாத ஒன்று உண்டு என்றால் அது இதுதான். ‘இடமிருந்து’ என்று தொடங்கி ஆறு பேர். அதில் ஒரு டான்ஸ்ரீ, ஒரு டத்தோஸ்ரீ, இரண்டு டத்தோ, பட்டம் இல்லாத இருவர். மாமன்னர் தந்த டத்தோ பட்டத்துக்கும் சுல்தான்கள் தரும் டத்தோ பட்டத்துக்கும் ரோமன் எழுத்தில் வேறு வேறு எழுத்துக்கூட்டல். தமிழில் இரண்டும் ஒன்றே, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் வேறொரு பொறி இருக்கிறது. டத்தோவின் மனைவி டத்தின். தன் சொந்தப் பணிக்காகப் பட்டம் வாங்கிய பெண்மணியையும் பழக்க தோஷத்தில் டத்தின் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அவர் மருத்துவமனை நடத்துகிறவராகவோ நீதிபதியாகவோ இருப்பார்; மறுநாள் அவருடைய செயலாளர் போன் செய்து கேட்கும் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் பதிவு மேசையில், அவரவர் அலுவலகத்திலிருந்து வந்த விருந்தினர் பட்டியலை வைத்துச் சரிபாருங்கள். தமிழ்ப் பெயர் உள்ளவர்களிடம், ‘ஐயா, பெயரைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள்?’ என்று நேரிலேயே கேட்டுவிடுங்கள். அடையாள அட்டையில் உள்ள ரோமன் எழுத்தை வைத்து ரகரமா றகரமா, லகரமா ளகரமா என்று ஊகிக்க வேண்டாம். கேட்டதற்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மலாய், சீனப் பெயர்களை நாளிதழ்கள் ஏற்கெனவே எப்படி எழுதுகின்றனவோ அப்படியே எழுதுங்கள்.

நட்சத்திரங்களோடு படம் போடும் தோழிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நிகழ்ச்சி நடக்கும்போது செல்ஃபி எடுக்க நேரம் கிடைத்தால், அவர்கள் கையில் யாரும் பொறுப்பு ஒன்றும் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

காசு. பயிற்சி மாணவர்களுக்குத் தரும் அலவன்ஸ் இந்த ஊரில் இடத்துக்கு இடம் மாறும். 600 என்பது தாராளம் இல்லை, கேள்விப்படாததும் இல்லை. அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப் நடத்தும் கட்டமைக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் நிறுவனம் சேர்ந்திருந்தால், பயிற்சி மாணவர்களுக்காகச் செய்யும் செலவுக்கு அதற்கு வரிச் சலுகை கிடைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் நிறுவனம் அதில் இருக்கிறதா என்று மனிதவள அதிகாரியிடம் பணிவாகக் கேட்பதில் தவறில்லை. அதிகாலை நிகழ்ச்சிக்குக் கிரேப் வாடகைக் கார் எடுத்தால் ரசீதை வைத்துக் கிளெய்ம் போடுங்கள். சனிக்கிழமை வேலைக்கு மாற்று விடுப்பு உண்டா என்று கேளுங்கள். எல்.ஆர்.டி. நகர ரயிலில் வருகிறீர்கள் என்றால் 50 வெள்ளிக்கு முப்பது நாள் போகும் மை50 அட்டை வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கே.டி.எம். கொமுட்டர் ரயிலுக்கு அது செல்லாது, ரூம் மாறும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? அமெரிக்க மக்கள் தொடர்பு முன்னோடி ஐவி லீ கதையை முதல் செமஸ்டரிலேயே படித்திருப்பீர்கள். 1906-இல் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்து நடந்தால் வாயைத் திறக்காமல் மூடி மறைப்பது அன்றைய ரயில் நிறுவனங்களின் வழக்கம். அந்த ரயில் நிறுவனத்துக்காக வேலை செய்த லீ, என்ன நடந்தது என்பதை எழுத்தில் கொடுத்தார். நிருபர்களை அந்த இடத்துக்கே வரவழைத்தார். பரீட்சைக்காகப் படித்ததை இப்போது தைப்பிங் வீட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘அம்மா, ஒரு கம்பெனி ஊருக்கு ஒரு விஷயம் சொல்லணும்னா அதைச் சரியா, பொய் இல்லாம, புரியற மாதிரி சொல்ல வைக்கிறது என் வேலை. ஊர் அதுக்கு என்ன சொல்லுதுன்னு கம்பெனிக்குச் சொல்றதும் என் வேலை.’ அப்படியும் புரியவில்லை என்றால், நீங்கள் எழுதிய தமிழ் அறிக்கை நாளிதழில் வரும் நாளில் எந்தப் பக்கம் என்று சொல்லி வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் உங்கள் பெயர் இருக்காது. இந்தத் தொழிலில் இருக்கவும் இருக்காது.

மனிதவளத்துக்கு மாறுவதா என்பதை ஆறு வாரத்தில் முடிவு செய்யாதீர்கள். அங்கேயும் எக்ஸல் இருக்கிறது, போன் இருக்கிறது, சங்கடமான காரியத்தைச் செய்யச் சொல்லும் சீனியரும் இருப்பார். மிச்சமுள்ள எட்டு வாரத்தில், அறிக்கையையும் வெட்டிய செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அந்த வேலை உங்களுக்குச் சுவாரசியமாகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால் இங்கேயே இருங்கள். காலையில் பேப்பரைத் திறப்பதே தண்டனையாகத் தோன்றினால் தாராளமாகப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பயிற்சி என்று ஒன்றை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

போகும்போது எதை எடுத்துப் போகலாம், எதைக் கூடாது என்பதும் முக்கியம். நிருபர்களின் கைத்தொலைபேசி எண்கள் அடங்கிய ஊடகப் பட்டியலைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அது ஏஜென்சியின் சொத்து. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. இந்த எட்டு வாரத்தில் நீங்களே பேசிப் பழகிய நிருபர்கள் உங்கள் எண்ணையும் வைத்திருப்பார்கள், அது போதும். வெளியாகாத திட்டங்கள், வாடிக்கையாளரின் பட்ஜெட் எதுவும் உங்கள் கோப்பில் இருக்கக் கூடாது. நீங்கள் எழுதி, அச்சிலும் வந்துவிட்ட தமிழ் அறிக்கைகளை, மூல அறிக்கை, உங்கள் தமிழ், வந்த செய்தி என்று மூன்றையும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள். நேர்முகத்தில் பட்டச் சான்றிதழைவிட அதைத்தான் நான் முதலில் புரட்டுவேன். வைப்பதற்கு உங்கள் மேலாளரின் அனுமதியை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது போதாது. நீங்கள் பட்டம் வாங்கி வேலை தேடும் நேரத்தில் அவர் வேறு ஏஜென்சிக்குப் போயிருப்பார், இந்த ஊரில் அது சர்வசாதாரணம்.